வயிற்றோட்டம் விசாரிக்க வரும் யோகேஸ்வரி

காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, கூமாப்பட்டிக்கு வந்து சேர்கிற யோகேஸ்வரிக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் மாமியார், "ஆஸ்பத்திரி உத்தியோகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பிறகு என்ன, என் மருமகள் வீடு வீடாகப் போய்ப் பச்சைப்பிள்ளைகளின் பீயை டப்பாவில் வாங்குகிறாள் என்று சொந்தபந்தத்திடம் சொல்லவா முடியும்?

ஆனால் வேலை அதுதான். பிள்ளைகளுக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, அந்தக் கிருமியால் வருகிற வயிற்றோட்டம் குறைந்திருக்கிறதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. எந்தப் பிள்ளைக்காவது தண்ணீராகப் போனால் அதில் கொஞ்சம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். கண்டக்டர் ஒருநாள் அந்தப் பெட்டியைக் காட்டி, "என்னம்மா, பால்கோவாவா?" என்றார். "இல்லண்ணே, அதைத் தின்ன பிள்ளைக போனது" என்றாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்து சீட்டில் யாரையும் அவர் உட்காரச் சொல்வதில்லை.

முதலில் கூமாப்பட்டியில் அவளுக்கு விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டியவர்கள் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவள் பேசிப் பேசியே எல்லாரையும் மடக்கிவிட்டாள். இப்போது அதே வீடுகளில் காபி கிடைக்கிறது. வீட்டுக்கொரு டப்பாவும் கொடுத்து வைத்திருக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் மேலதிகாரி கௌதம்ராஜ் வந்து தெருவில் நின்றார். "சொட்டு மருந்து குடுத்தும் இந்தத் தெருவுல இத்தனை பிள்ளைகளுக்கு ஏம்மா வயித்தோட்டம்?" என்று கேட்டார். பாவம், அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் அதட்டுவது போலத்தான் இருக்கும். யோகேஸ்வரி பதில் சொல்லிவிட்டு மறந்துபோனாள்.

தெரு மறக்கவில்லை. அங்கே ஆண்டிச்சாமி இருக்கிறார், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே ஏட்டய்யா. ஏரியாவில் திருட்டு கூடினால் ரோந்து போகிற போலீஸ்காரனுக்குத்தான் மெமோ வரும் என்பது அவர் பட்டு அறிந்த பாடம். வயிற்றோட்டம் கூடினால் யோகேஸ்வரிக்கு மெமோ வராமல் இருக்குமா? நல்ல பிள்ளை, அது பிழைப்பில் மண் விழக் கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் வயிறு கெடவில்லை. யோகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. கௌதம்ராஜ் கூடப் பாராட்டினார்.

ஒருநாள் அவள் ஏட்டய்யா வீட்டுக்குப் போனபோது அவரே பேரன் விஜயபாண்டியை வாசலுக்குத் தூக்கி வந்தார். அந்த வெயிலில் பிள்ளைக்குக் காது மூடிய கம்பளிக் குல்லா. யோகேஸ்வரி நாக்கைச் சுழற்றிக் காட்டியதும் பிள்ளை பொக்கை வாயால் சிரித்தது.

"போன வாரம் கீழ ரெண்டு பல்லு இருந்துச்சே ஏட்டய்யா?"

"விழுந்திருச்சு தாயி."

"பத்து மாசப் பிள்ளைக்கா?"

"எங்க வம்சத்துல வெரசா விழுந்திரும்."

யோகேஸ்வரி குல்லாவைக் கழற்றினாள். குல்லாவுக்குள் இருந்தது பக்கத்து வீட்டுப் பானுப்பிரியாவின் மகள். உள்ளேயிருந்து ஏட்டய்யாவின் மருமகள் கார்த்திகா விம்முகிற சத்தம் கேட்டது. யோகேஸ்வரி செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

விஜயபாண்டி துவண்டு கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. யோகேஸ்வரி உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா என்ன செய்வீக?" என்று கத்தினாள்.

"ஒன் வேலை போயிருமேன்னுதான்..."

"எவன் சொன்னான்? போனாத்தான் போகட்டுமே. எனக்கு வேற வேலையே கெடைக்காதா?"

ஏட்டய்யா ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, கார்த்திகாவின் மடியில் கிடந்த பிள்ளைக்கு யோகேஸ்வரி கரண்டி கரண்டியாகக் கரைசல் ஊட்டினாள். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வழியிலேயே பிள்ளை போனதை டப்பாவில் பிடித்து வைத்திருந்தாள். எத்தனை பதற்றத்திலும் பழகிய கை சும்மா இருக்குமா?

சாயங்காலம், தாத்தாவின் வெள்ளைச் சட்டையில் விஜயபாண்டி மூத்திரம் பெய்தான். "இனிப் பயமில்லை" என்றார் டாக்டர். ஏட்டய்யா சட்டையை மாற்றவில்லை. மெடல் வாங்கியவர் போல அந்த ஈரச் சட்டையை வார்டு முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பரிசோதனை முடிவு வந்தது. ரோட்டா வைரஸ் இல்லை, வேறு ஏதோ கிருமி. யோகேஸ்வரி தெருவைக் கூட்டினாள். "சொட்டு மருந்து ஒரு கிருமியைத்தான் தடுக்கும். மத்ததால வயித்தோட்டம் வரத்தான் செய்யும். வந்தா என் வேலை போகாது, நீங்க மறைச்சாத்தான் போகும். எதையும் மறைக்காதீக" என்றாள். ஏட்டய்யா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது போன் வந்தது.

"தாயி, பிள்ளைக அம்புட்டும் சௌக்கியம். பெரியாளு ஒருத்தருக்குத்தான் நேத்துல இருந்து தண்ணியாப் போகுது."

"நமக்குச் சின்னப் பிள்ளைக கணக்குத்தான ஏட்டய்யா வேணும்? சரி, யாருக்கு?"

ஏட்டய்யா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத்தான். எதையும் மறைக்கக் கூடாதுன்னியே. டப்பாவுல எடுத்து வச்சிட்டேன், வெரசா வா."