டோலோரஸின் கடையில் இலவசமாகப் பாத்திரம் கழுவியவர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் மதுக்கடைதோறும் மீன் வறுவல். டோலோரஸின் கணவன் செத்த பிறகு, வெள்ளிதோறும் அக்கம்பக்கத்துக் கிழவர்கள் வந்து அவளுடைய மதுக்கடையில் காசு வாங்காமல் பாத்திரம் கழுவிக் கொடுத்தார்கள். வாரத்தில் அவளுக்கு வாய்த்த பேச்சுத்துணை அவ்வளவுதான்.

தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். "லாபத்துக்கு நடக்கிற கடைம்மா. சும்மா வேலை வாங்கக் கூடாது. சம்பளம் குடுங்க, இல்லேன்னா நிறுத்துங்க."

டோலோரஸ் சம்பளம் தருவதாகச் சொன்னதும் கிழவர்களில் ஒருவரான நார்பெர்ட்டுக்கு முகம் சிவந்தது. "கூலிக்கா வந்தோம்? உன் புருஷன் இருந்தா இப்படிக் கேப்பானா?"

"நீங்க கழுவுற லட்சணத்துக்கு அவர் உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டார்" என்றாள் டோலோரஸ்.

யாரும் சிரிக்கவில்லை.

சுரண்டலிலிருந்து சட்டம் அவர்களைக் காப்பாற்றிவிட்டது. அடுத்த வெள்ளி, கிழவர்கள் காசு கொடுத்து மீன் தின்றார்கள். டோலோரஸ் உள்ளே தனியாகக் கழுவினாள். அவர்கள் பேசுவது கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.