மாமா சொன்னதை அப்படியே போட்டேன்

வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி எங்கள் இரண்டாவது டூத் பிரஷை இரு விரலால் தூக்கிப் பிடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. டெல்லி சரோஜினி நகரில் என் துணைவனுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு அது. அவன் அமைச்சகத்தில் எழுத்தர், நான் செய்தியாளன். தம்பதியாகத்தான் வாழ்ந்தோம், விதிகளில் அதற்கு உள்வாடகை என்று பெயர். "யே கௌன் ஹை?" என்று, இது யார் என என்னைக் காட்டிக் கேட்டார் அதிகாரி. அவன் "கசின்" என்றான். எடுபடவில்லை, ஒதுக்கீடு ரத்தானது. அவன் மாற்றல் வாங்கிச் சென்னை போனான். வீட்டில் பெண் பார்த்தார்கள், கட்டிக்கொண்டான்.

புகார் செய்தவர் மாடிவீட்டு மாமா, காலனித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அவர் அதை மறைக்கவும் இல்லை. பெட்டியோடு நான் இறங்கியபோது படியில் நின்று, "தப்பா எடுத்துக்காதேப்பா, இது ஃபேமிலிங்க இருக்கற எடம்" என்றார். அவர் மகள் பள்ளிச் சீருடையில் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். மாமா மட்டும் இன்னும் செயலாளர்தான். ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்த அன்று, டெல்லித் தமிழர்களின் கருத்தைக் கேட்டு எழுதும்படி ஆசிரியர் சொன்னார். நேராக மாமாவிடம் போனேன். சங்கத்தில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பழையதை நான் மறந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். "நல்லா எழுதிக்கோ. இதெல்லாம் வியாதி. என் வீட்ல ஒண்ணு இப்படி இருந்தா தலைமுழுகிடுவேன். பேரைப் போடு, போட்டோவும் போடு."

அவர் மகள் பெங்களூரில் ஒரு பெண்ணோடு வாழ்வது எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருந்தாள்; அவருக்குத் தெரியாது. அச்சுக்கு அனுப்பும் முன் அவளை அழைத்துப் படித்துக் காட்டினேன். "அப்படியே போடுங்க அண்ணா. மீதியை நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றாள்.

அந்த வாரமே மாமா என் வீட்டுக்கு வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டு போனை வெச்சுட்டா. இப்ப எடுக்கவே மாட்டேங்கறா. நான் அப்படிச் சொல்லலைன்னு ஒரு மறுப்பு போடேன்."

செய்தித்தாளை அவர் முன் விரித்தேன். "எந்த வரி தப்பு, மாமா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துத் தன் வாக்கியங்களைத் தானே படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. 'தலைமுழுகிடுவேன்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதை மட்டுமாவது நெட்லேர்ந்து எடுத்துடுப்பா."

"உங்க பொண்ணு சொன்னா எடுக்கறேன். போன் பண்ணிக் கேளுங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ஓய்ந்ததும் மறுபடி போட்டார். நான் எதிர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.