துரைசாணி கேட்ட பூ

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வருஷம் ஆட்டிச்சோக்கு வளர்ந்தது. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. வெள்ளைக்காரர்கள் தின்கிற வஸ்து. காய் என்றாலும் தப்பு, பூ என்றாலும் தப்பு. அந்தத் தப்பைத்தான் நாங்கள் செய்தோம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் எங்கள் வீடு. அப்பா குற்றாலத்தில் ஒரு துரைசாணியின் பங்களாவில் தோட்டக்காரர். சாரல் ஓய்ந்ததும் மற்ற வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த அம்மாள் மட்டும் போகவில்லை. புருஷன் செத்தபிறகு போக இடமில்லை என்று பேசிக்கொண்டார்கள். சீமையிலிருந்து விதை வரவழைத்து அப்பாவிடம் கொடுத்திருந்தாள். புரட்டாசியில் பங்களாத் தோட்டத்தில் போட்ட விதை தை மாதத்தில் என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. இலையெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெளுப்பு. நட்டநடுவில், எறும்புதின்னி சுருண்டு கிடப்பதுபோல, செதில் செதிலாக ஒரு மொட்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அந்தத் தை மாதம்தான் துரைசாணிக்குக் காய்ச்சல் கண்டது. கட்டிலோடு கிடந்தாள். அப்பா சகதிக் காலோடு உள்ளே போகமாட்டார். செடியைப் பற்றிச் சேதி சொல்ல என்னை அனுப்புவார். எனக்கு எட்டு வயது. ஜன்னலையெல்லாம் சாத்திய அறையில் தைல வாசம் மூக்கை அடைக்கும். கொசுவலைக்குள் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும்.

“பூ வந்துதா?”

“இன்னும் பூக்கலம்மா.”

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் ஆயா நீட்டிய தண்ணீரை வலைக்குள்ளிருந்து ஒரு கை தள்ளிவிட்டது. “கசக்குது. எல்லாம் கசக்குது. பூ வந்தால் தண்ணி தித்திக்கும்.” காய்ச்சல் பிதற்றல் என்று ஆயா எனக்கு ஜாடை காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். வலைக்குள்ளும் யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது. ஓடி வந்துவிட்டேன்.

அந்த வாரமே துரைசாணி இறந்துபோனாள். மறுநாள் காலையில் மொட்டு விரிந்திருந்தது, ஊதா நிறத்தில், மயிர் மயிராக. காற்று கொஞ்சமும் இல்லை. பூ மட்டும் ஆடியது. உள்ளே வண்டு இருந்திருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

சாமான்களை எடுத்துப்போக வந்த பாளையங்கோட்டை பட்லர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “என்னவே, பூக்க விட்டுட்டீரே! இதை மொட்டுலயே அறுத்து அவிச்சுத் திங்கணும்வே.” அப்பா செடியடியில் வந்திருந்த பக்கக் கன்றுகள் இரண்டை ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நட்டார். சித்திரை வெயிலில் அவற்றுக்கு ஓலைப் பந்தல் போட்டார். எனக்குக்கூட அந்த வருஷம் அப்படி ஒரு கவனிப்பு இல்லை.

அடுத்த மாசியில் மூன்று மொட்டுகள் வந்தன. அப்பா இரண்டை அறுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாழைப்பூவுக்குத் தங்கச்சி என்று முடிவு கட்டினாள். மடலையெல்லாம் உரித்து மாட்டுக்குப் போட்டாள். உள்ளே இருந்த மயிரையும் அடிக்கட்டையையும் பொடியாக நறுக்கி, பருப்பும் தேங்காயும் போட்டுத் தாளித்தாள். தின்ன வேண்டியது மடலின் அடிச்சதை, எறிய வேண்டியது மயிர் என்று எங்களுக்கு யார் சொல்ல? மத்தியானச் சோற்றில் முதல் கவளத்திலேயே மூன்று பேருக்கும் தொண்டையில் மயிர் சிக்கி இருமல் வந்தது. நான் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“அம்மா, தண்ணி இனிக்கு.”

அம்மா வாங்கிக் குடித்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. “ஏங்க, எனக்கும் இனிக்கே! விசங்க, விசம்! தலைக்கு ஏறிட்டுன்னா வேம்புகூட இனிக்கும்பாவளே!” என்று கொல்லைக்கு ஓடினாள். ஒரு கொத்து வேப்பிலையை உருவிவந்து என் வாயில் திணித்தாள்.

“கசக்குதாட்டி? சொல்லுட்டி, கசக்கா?”

கசந்தது. குமட்டிக்கொண்டு கசந்தது. நான் துப்பினதைப் பார்த்து அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்குச் சாவு இல்லை என்ற சந்தோஷத்தில் நான் உளறினேன்: “துரைசாணி அன்னைக்கே சொன்னாவ. இந்தப் பூ வந்தா தண்ணி தித்திக்கும்னு.”

அப்பா இன்னொரு முறை தண்ணீரைக் குடித்தார். வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார்.

“அவிய பூன்னு கேட்டது இந்த மொட்டைத்தாம்ட்டி. மொட்டு வந்ததை அவியகிட்ட சொன்னியாட்டி?”

“அவிய பூவைத்தானப்பா கேட்டாவ. பூக்கலன்னேன்.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து, செடியில் மிச்சமிருந்த மூன்றாவது மொட்டை அறுத்தார். முழுசாகவே அவிக்கச் சொன்னார். அதையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நடந்தார். பங்களா பூட்டிக் கிடந்தது. சருகு மூடிய தோட்டத்தில் பழைய செடி தானாகவே தழைத்து, ஐந்தாறு மொட்டுகளோடு நின்றது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மண், ஆனால் செடியடியில் ஈரம் இருந்தது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

துரைசாணி படுத்திருந்த அறையின் ஜன்னல் விளிம்பில் மொட்டையும் செம்பையும் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சாத்தின ஜன்னலைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

“அம்மா, பூக்கலன்னு சொல்லச் சொன்னது நான்தான். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. பல்லியாக இருக்கலாம், பலகை சூட்டில் நெளிந்திருக்கலாம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினார். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் அப்படித் தூக்கமாட்டார்கள்.

“நீங்க சொல்லச் சொல்லலயேப்பா. நான்லா சொன்னேன்,” என்றேன்.

அப்பா என் வாயைப் பொத்தினார். நடையை எட்டிப் போட்டார். இவ்வளவு பெரிய ஆள் பேய்க்குப் பயந்து பொய் சொல்கிறாரே என்று வீடு வரும்வரை எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது. அவர் தமக்காகத்தான் பயந்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.