நாற்பத்து நாலு இடுப்பு வரவில்லை

இருமலைக் கேட்டே மார்பளவு சொல்லிவிடுவார் எங்கள் கட்டடத்துத் தையல்காரர். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அளவெடுக்காமல் அவர் எனக்குத் தைத்த சட்டைகள் இன்னும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. நான்தான் அப்படியே இல்லை.

மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. பூமி லேசாக அசைந்தாலும் முதலில் ஆடுவது அவருடைய மேசைக்கு மேலே தொங்கும் பல்புதான் என்பதால், நிலநடுக்க ஒத்திகைக்கு அவரையே பொறுப்பாக்கினோம். மாதம் ஒருமுறை மணி அடிப்பார். வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் வெளியேறி, கதவுக் கைப்பிடியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு மைதானத்துக்கு வரவேண்டும். துணி தொங்கினால் உள்ளே ஆளில்லை. மீட்க வருபவர்கள் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏறி இறங்கச் சலித்த நாங்கள் துணியைக் கட்டிவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்வோம். நானும்தான். மூன்றாம் மாடியில் இருந்த, ஓய்வுபெற்ற தபால்காரர் எங்களுக்கெல்லாம் ஒருபடி மேல். கட்டிய துணியை அவிழ்ப்பதே இல்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நிஜமாகவே ஆடியது. மேல்மாடிச் சுவர்கள் சரிந்தன. மைதானத்தில் புழுதியும் நாங்களுமாக நின்றோம். தையல்காரர் இடுப்பளவைச் சொல்லித்தான் ஆள் எண்ணினார்.

"முப்பத்திரெண்டு, இருபத்தெட்டு... நீங்க நாப்பத்தொண்ணு, மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கம்மா."

அந்த நடுக்கத்திலும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"நாப்பத்து நாலு எங்க?"

அதற்குள் வந்து மாடிகளைப் பார்த்துவிட்ட தீயணைப்புக்காரர்களில் ஒருவர் படியிறங்கி வந்தார். "எல்லாக் கதவுலயும் துணி இருக்கு. உள்ள யாரும் இல்ல."

"மூணாம் மாடில ஆள் இருக்கார்."

"அங்கயும் துணி தொங்குதே."

"அது எப்பவும் தொங்கும். தெரிஞ்சும் நான் கேக்காம விட்டுட்டேன். நீங்க வரலைன்னா நான் ஏறுறேன்."

சொன்னவர் ஏறவே தொடங்கிவிட்டார். அவரை இழுத்து நிறுத்திவிட்டுத் தீயணைப்புக்காரர்கள் போனார்கள்.

சாய்ந்த அலமாரிக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தவரைத் தூக்கி வர முக்கால் மணி நேரம் ஆனது. தையல்காரர் குனிந்து அவர் தலைப் புழுதியைத் தட்டிவிட்டார்.

"மணி அடிச்சா வரமாட்டியா நீ?"

"நீதான் மாசா மாசம் அடிக்கிறியேப்பா."

கட்டடத்தைச் செப்பனிட்டுத் திரும்பக் குடிவந்ததும் முதல் ஒத்திகை. மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தபால்காரர் கைத்தடியோடு இறங்கிவிட்டார். அன்று ஒருவர்கூட வீட்டில் படுக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன்; அப்படி ஒன்று அமையவில்லை.

தையல்காரர் ஆள் எண்ணிக்கொண்டே வரிசையில் வந்து தபால்காரரெதிரே நின்றார்.

"நாப்பத்திரெண்டு. இளைச்சிட்டியேடா."