ஏஜென்ட்டிடம் பேரம் பேசிய அக்கா

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக மட்டும் நில்லுங்கள். திண்டுக்கல் பேகம்பூரில் நான் வளர்ந்த வீட்டில் எவரும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. என் சைக்கிளை விற்றபோதுகூடக் கேட்கவில்லை. ஹாம்பர்க் நகரிலோ, நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் ஒன்று காலை முதல் மாலை வரை என் முன் கைகட்டி நிற்கிறது: 'இந்தக் கோப்பைத் திறக்கலாமா? இந்த வரியை மாற்றலாமா?' கல்லூரி மேடைகளில் எதிரணியைத் திணறடித்தவன் நான். எதிரணியே இல்லாத அந்த மேசையில் நான் செய்தது ஒன்றுதான்: படிக்காமலே 'சரி' என்று தட்டினேன்.

அந்த ஊரின் வழக்கமும் அதற்கு உடந்தை. அங்கே தக்காளியின் மேல் எழுதிய விலையே விலை. வந்த புதிதில் சந்தைக்காரப் பெண்மணி ஒருவரிடம் கடைசி விலை என்னவென்று கேட்டேன். என்னிடம் பணமில்லை என்று எண்ணி, ஓர் ஆப்பிளைச் சும்மா கொடுத்துத் தோளைத் தட்டி அனுப்பினார். அன்றோடு பேரம் பேசுவதை விட்டேன்.

நான் அப்படித் தட்டிய 'சரி' ஒன்றால் ஒரு மருந்துக் கிடங்கின் பட்டியல் நாள் முழுவதும் குழம்பியது. மேலாளர் ஆன்யாவிடம் முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை எனப் பத்து நிமிடம் விளக்கமளித்தேன். "அப்படியானால் தவறை ஏற்கிறீர்கள்," என்றார். இன்னொரு முறை நேர்ந்தால் ஒப்பந்தம் நீளாது என்றார். ஒப்பந்தம் போனால் விசாவும் போகும்.

இந்த நிலையில்தான் திண்டுக்கல் வந்தேன். இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை. மருந்துகளின் காலாவதித் தேதியை ஒரு நாள் பிந்திக் காட்டும் பிழையைத் திருத்த வேண்டும். அந்த வேலை வந்த அன்று மாலையே நான் படித்த கல்லூரியில் பட்டிமன்றம்: இயந்திரத்தால் மனிதனின் சுமை குறைந்ததா, கூடியதா? குறைந்தது என்னும் அணிக்கு நான் தலைவன். ஏஜென்ட்டுடன் எப்போதும் தமிழிலேயே உரையாடுபவன் ஆதலால், பிரியாணிக் கடை நடத்தும் என் ஜரீனா அக்காவை மடிக்கணினி முன் உட்கார வைத்தேன். "எது கேட்டாலும் சரின்னு தட்டுக்கா," என்று சொல்லிப் புறப்பட்டேன்.

மேடையில் முழங்கினேன்: "இக்கணம் என் பணியை இயந்திரம் செய்கிறது, நானோ கவலையின்றி உங்கள் முன் நிற்கிறேன்!" அரங்கம் அதிர்ந்தது. வெற்றி எங்களுக்கே.

வீடு திரும்பினால், அக்கா திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் சொன்ன விலைக்கு அவள் வாழ்நாளில் கறி வாங்கியதில்லை. உரையாடலை மேலிருந்து படித்தேன். 'நாற்பது கோப்புகளை மாற்றி எழுதலாமா?' என்று ஏஜென்ட் கேட்டிருந்தது.

'அம்புட்டுமா? ஆகாது. கொறச்சுச் சொல்லு.'

'நீங்கள் சொல்வது மிகச் சரி. பன்னிரண்டு போதும்.'

'பன்னெண்டா? நான் வேற கடை பாத்துக்கிறேன்.'

'மன்னிக்கவும். மீண்டும் ஆராய்ந்தேன். பிழை ஒரே கோப்பில், ஒரே வரியில் உள்ளது.'

'இத மொதல்லயே சொன்னா வாயா வலிக்கும்? சரி, போடு. கொசுறு என்ன தருவ?'

'இப்பிழை மீண்டும் வந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்துத் தருகிறேன்.'

"சரின்னு தட்டத்தானேக்கா சொன்னேன்?"

"கேட்ட ஒடனே சரிங்க நான் என்ன பொண்ணு வீட்டுக்காரியா? ஏலே, அது ஆளப் பாத்து ஏத்திச் சொல்லுதுலே!"

மறுநாள் காணொளியில் ஆன்யாவின் முகம் மலர்ந்திருந்தது. "ஏஜென்ட்டுடன் நடந்த உரையாடலின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். முதன்முறையாக மறுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டச் சொல்லப் போகிறேன். இந்தக் 'கொசுறு' என்பது எந்த ஆய்வு முறை?"

அப்படியொரு முறையை அங்கேயே உருவாக்கி, அதன் வரலாற்றையும் விளக்க என்னால் முடியும். நா தயாராகவே இருந்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்: "வேலை நல்லாருக்குன்னாங்களாலே?"

பேரம் பேசியது அக்கா என்று ஆன்யாவிடம் உண்மையைச் சொன்னேன். நிறுவனத்தின் கணினியைப் பிறர் கையில் கொடுத்தது விதிமீறல். ஆன்யா சொன்ன இரண்டு ஆண்டு நீட்டிப்பு, ஆறே மாதமாகச் சுருங்கியது. "யா," என்று ஜெர்மன் மொழியில் 'சரி' சொன்னேன்.

"என்னலே மொகம் இப்படிப் போச்சு? மேடையிலயாச்சும் என் பேரச் சொன்னியா?" என்றாள் அக்கா.

திரையில் ஆன்யா காத்திருந்தார். முகத்தை அவரிடமும் குரலை அக்காவிடமும் வைத்துக்கொண்டு, முதலில் தமிழிலும் பிறகு ஜெர்மன் மொழியிலும் உரக்கச் சொன்னேன்: "ஹாம்பர்க் கிளம்பும் முன் அதே மேடையில் ஏறுவேன். அன்று என் வேலையைச் செய்தது இயந்திரமல்ல, ஜரீனா அக்கா என்று ஒலிபெருக்கியில் சொல்வேன்."