அப்பாவுக்குப் போர்த்திய துண்டு

ஒட்டுமீசையின் பசை காய்ந்தால் மேலுதட்டை இழுக்கும் பாருங்கள்... அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். எங்கள் நாடக மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு திரைகூட இல்லை. திரை, மைக், லைட் வாங்க வீடு வீடாக வசூலுக்குக் கிளம்பினோம். சைக்கிளில் கள்ளிக்குப்பம் வரை போனோம். ஜனங்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த என் அப்பாதான், "ஏலே, நாடகமா சோறு போடும்?" என்பார். அவரும் ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன். எட்டரைக்கு நைட் ஷிஃப்டுக்குக் கெளம்பணும், பாத்துக்கோ."

முதல்முறையாக எனக்குக் கதாநாயகன் வேஷம். அப்பா பார்க்க வேண்டும்... எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆறு மணிக்கு நாடகம் என்று நோட்டீஸ். ஆறு மணிக்குத் தொடங்கியது என்னவோ நன்கொடையாளர்களுக்கு மரியாதை! ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு போட்டோ, ஆளுக்கு 'இரண்டு வார்த்தை'. அரிசி மண்டிக்காரர் அந்த இரண்டு வார்த்தையில் தன் கல்யாணக் கதையையே சொல்லி முடித்தார்.

மேக்கப் வழிந்தது. மன்றச் செயலாளரிடம் ஓடினேன். "அண்ணாத்தே, போதும். நாடகத்த ஆரம்பிச்சிடலாம்."

"இன்னா நைனா இப்டி சொல்ற? துட்டு குட்த்தவன வுட்டுட்டா, அடுத்த வாட்டி எவன் குடுப்பான்? கம்முனு குந்து."

கடைசியில் அப்பாவின் பெயரையும் கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டையோடு கூச்சப்பட்டுக்கொண்டே ஏறினார். துண்டு போர்த்தினார்கள். புதுத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மேடையில் அவர்... திரைக்குப் பின்னால் நான்.

இறங்கியவர் வாட்சைப் பார்த்தார். துண்டை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாடகம் நடந்தது. கைதட்டல்கூடக் கிடைத்தது. எனக்குத்தான் வசனம் பேச மனசே வரவில்லை.

காலையில் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "நம்மளயும் மதிச்சு மேட ஏத்திட்டானுவ, பாத்தியாலே!"



அப்புறம் எந்த நாடகத்துக்கும் அவருக்கு ஷிஃப்ட் ஒத்துவரவில்லை. நான் நடித்ததைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அந்தச் செயலாளர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். ஏரியா நாடகக் குழுக்களுக்கு நிதி திரட்டுகிறார்களாம். அன்று தெருத்தெருவாக அலைந்தோம், இன்று க்யூஆர் கோடு. பணம் அனுப்பிவிட்டு, 'என்னை மேடைக்குக் கூப்பிட வேண்டாம், நாடகத்தை நேரத்துக்கு ஆரம்பித்தால் போதும்' என்று எழுதினேன்.

உடனே போன் வந்தது.

"அய்யோ, அப்டிலாம் சொல்லாதீங்க சார்... உங்களுக்கு சால்வை எடுத்தாச்சு!"