லோரிக்கு எத்தனை கப்?

போன ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கேட்டைத் திறந்ததும் எங்கள் நாயைப் பார்த்தார். தலையிலிருந்து வால் வரை ஒரு பார்வை. அந்தப் பார்வை விலா எலும்புப் பக்கம் வந்து நின்றது. முகம் மாறிவிட்டது.

"ஏய்யா, படிச்சு வேலைக்கெல்லாம் போற... இந்த வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட மாட்டியா?"

வாயில்லா ஜீவனா? அதன் வாய்க்குள் பெரியம்மாவின் கைப்பையே போகும். போகவும் போனது. அது வேறு கதை.

அறுபத்து நாலு கிலோ. கிரேட் டேன் இனம். பின்னங்காலில் நின்றால் என்னைவிட ஒரு தலை உயரம். இதைத்தான் நான் பட்டினி போடுகிறேனாம்!

"பெரியம்மா, இந்த நாய் இப்படித்தான் இருக்கணும். தடவிப் பார்த்தா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"டாக்டரு சொல்லுவாங்க. அவங்களா பெத்தாங்க?"

நானும்தான் பெறவில்லை. ஆனால் பெரியம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? அதனால் உங்களிடம் சொல்கிறேன், இந்த நாய்க்கு நாங்கள் சாப்பாடு போட்ட கதையை. நடுவில் என் மானம் போகும் இடம் ஒன்று வரும். தாண்டிப் போய்விடாதீர்கள். நானும் தாண்டப்போவதில்லை.

நாயின் பெயர் லோரி. அப்பா வைத்தது.

அப்பா சுங்கை சிப்புட்டில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். கண்ணில் கோளாறு வந்து லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் ஈப்போவில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். அப்பா அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

"காலப் பாருடா. டயரு மாதிரி இருக்கு. இது லோரிடா."

அவ்வளவுதான். பெயர் சூட்டு விழா முடிந்தது.

நண்பர் குட்டியோடு சட்டதிட்டமும் கொடுத்திருந்தார். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தனியாக விற்கும் தீனிதான் போட வேண்டும். கப்பால் அளந்து போட வேண்டும். முதலில் நாளைக்கு நாலு வேளை, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டி மெதுவாக வளர வேண்டும்.

மெதுவாக வளர வேண்டுமா? எங்கள் வீட்டுக்கு இது புதிய சித்தாந்தம். வெண்டைச் செடியாகட்டும், சேவலாகட்டும், நானாகட்டும் — எங்கள் வீட்டில் எது வளர்ந்தாலும் அடுத்த வீட்டுக்காரர் கேட்கிற மாதிரி வளர வேண்டும்.

எந்த வயதில் எத்தனை கிலோ இருக்கலாம் என்று கோடு போட்ட அட்டவணை ஒன்றை ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, தஞ்சோங் மாலிம் வரை போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் தண்ணீர் பில்லிலிருந்து ஷாம்பு பாட்டிலின் முதுகு வரை வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. நாயின் அட்டவணை மட்டும் யாருடையது?

கப்பைத் தலைதட்டி அளந்து போடுவேன். அப்பா பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"என்னடா, கஷாயம் குடுக்குற மாதிரி குடுக்குற?"

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. தீனி மூட்டை சமையலறையில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாவின் சமையலறையில் அம்மாவைக் கேட்காமல் ஒரு சிட்டிகை உப்பைக்கூட யாரும் எடுக்க முடியாது. எடுத்தவர்கள் உண்டு... அவர்கள் இப்போது எடுப்பதில்லை.

பிறகு புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் எங்கள் வீடு முழு மாதமும் சைவம். சட்டி பானை எல்லாம் மாறிவிடும். முதல் நாளே அம்மா மூட்டையைக் காட்டினார்.

"தம்பி, இதுல கோழி படம் போட்டிருக்கு."

"அம்மா, அது நாய் சாப்பாடு."

"நாய் சாப்பாடுன்னா கோழி இல்லன்னு ஆயிருமா? உள்ள என்ன போட்டிருக்குன்னு நீயே வாசி."

வாசித்தேன். முதல் வார்த்தையே கோழி.

மூட்டை வெளியேறியது. கப்போடு சேர்த்து, கார் நிறுத்தும் இடத்தில், என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குடியேறியது. லோரிக்கு அது சுதந்திர தினம் என்பது எனக்குத் தெரியாது. காலையில் அளந்து போட்டுவிட்டு ஈப்போவுக்குப் போனால், திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். மதியக் கப் அப்பாவின் பொறுப்பு.

லோரி வளர்ந்தான். வளர்ந்தான் என்றால்... காலையில் பார்த்த நாயைச் சாயங்காலம் அடையாளம் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சேவியர் அங்கிள் வாய்பிளந்தார்.

"தம்பி, இது நாய் இல்லலா. கன்னுக்குட்டிலா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டவணையில் லோரியின் எடை கோட்டுக்கு மேலே போயிருந்தது. கோட்டுக்கு மேலே போனால் கெட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சை எழுதி வளர்ந்த புத்தி. சராசரிக்கு மேலே என்றால் கெட்டிக்காரன்தானே?

ஒருநாள் சாயங்காலம் லோரி சிமெண்டுத் தரையிலிருந்து எழுந்தான். வலது முன்னங்கால் மடங்கியது. சமாளித்து நின்றான். மறுநாள் கவனித்தேன். இரண்டு முன்னங்காலும் வெளிப்பக்கமாக விரிந்து, மணிக்கட்டு வளைந்திருந்தது.

அந்த நேரத்தில் படித்தவன் என்ன செய்வான்? டாக்டரிடம் போவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? போனைத் திறந்தேன்.

யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: பெரிய நாய், பெரிய எலும்பு, ஆகவே நிறையக் கால்சியம். எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஒரு டப்பா வாங்கினேன். நாளைக்கு ஒரு கரண்டி என்று போட்டிருந்தது. நான் இரண்டு போட்டேன். பெரிய நாய் அல்லவா? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கால் நேரானதும் சொல்லி அசத்தலாம் என்று டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

பத்து நாள். கால் நேராகவில்லை. வாசலில் இருக்கும் ஒரே ஒரு படியை லோரியால் ஏற முடியவில்லை. கீழே நின்று படியைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். அப்பா ஓடிப்போய், நாற்பது கிலோவை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

"இன்னும் என்னடா போனையே பாத்துக்கிட்டு இருக்க? கார எடு."

ஈப்போவில் மிருக வைத்தியர் ஒரு சீன அம்மா. அப்பாவோடு மலாய் மொழியில் பேசினார். அப்பா மலாயில் புலி, ஆங்கிலத்தில்தான் பூனை. எடை பார்த்து, எக்ஸ்ரே எடுத்து முடித்ததும், எவ்வளவு சாப்பாடு என்று டாக்டர் கேட்டார். நான் அட்டவணையைப் போனில் காட்டினேன்.

"இந்த அளவுக்கு இந்த உடம்பு வராது. வேற யாரு போடறது?"

அப்பா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"காலைல... ஒரு கப்பு. இவன் வேலைக்குப் போனப்புறம்."

"ஏன்?"

"அது என்னையே பாக்குது, டாக்டர்."

"அப்புறம்?"

"பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கையில ரொட்டி சானாய். பாதிதான். அது... அப்பவும் பாக்குது."

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "நா ஒண்ணுமே போடல. தயிர்ச் சோறு மட்டும்தான். சைவம்தானே? சேவியருதான் வேலிக்கு மேல கோழி போடறாப்ல. 'உங்க வீட்ல சைவம்கா, நாய் என்ன பாவம் பண்ணுச்சு'ன்னு கேட்டாரு. நா பாக்காத மாதிரி உள்ள வந்துட்டேன்."

மூட்டை வெளியே இருந்தது. எல்லோரும் போட்டார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இது என்ன நாயா, கோயில் உண்டியலா?

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு இறுகுவதற்கு முன்னால் உடம்பு கனத்துவிட்டால் கால் தாங்காது. இதை இப்போது நிறுத்தாவிட்டால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். ஆயுளுக்கும் நொண்டிதான், இல்லையென்றால் ஆபரேஷன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்து மாத்திரை, பவுடர் ஏதாச்சும் குடுக்குறீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்," என்று அடித்துச் சொன்னார் அப்பா. "அதெல்லாம் கிடையவே கிடையாது."

இங்கேதான் என் மானம் போகும் இடம் வருகிறது.

நான் ஆங்கிலத்துக்கு மாறினேன். தாழ்ந்த குரலில், மிக நாகரிகமாக, கால்சியம், இரண்டு கரண்டி, பத்து நாள் என்று சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் ஆங்கிலத்தில் சொன்னார்: தீனியிலேயே தேவையான கால்சியம் இருக்கிறது. பையிலேயே எழுதியிருக்கிறது. இந்த இனக் குட்டிகளின் உடம்புக்கு அதிகப்படியான கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. அது எலும்பைக் கெடுத்துவிடும். கூடுதல் சாப்பாடு தப்பு, இது அதைவிடப் பெரிய தப்பு.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார். "இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாங்களே... என்னா?"

"அதே தான்பா. அதிகமா சாப்பாடு போட்டதாலதான்னு சொன்னாங்க."

தஞ்சோங் மாலிம் வரை போய்ப் படித்தது எதற்குப் பயன்பட்டது பார்த்தீர்களா?

மறுநாள் காலை அப்பா பெரட்டு வைத்தார். எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. அம்மா கரண்டியோடு நின்றார். சேவியர் அங்கிள் சாரத்தோடு, வாயில் நுரையோடு வந்தார்.

"சேவியரு!"

"வந்தாச்சு அண்ணே!"

"கையில என்னா?"

"பிரஷ்ஷுதான் அண்ணே!"

"திருப்பிக் காட்டு."

யார் கையிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூட்டையின் வாய் திறக்கும். நான் அளந்து போடுவேன். காலையில் ஒரு பெரட்டு, சாயங்காலம் ஒரு பெரட்டு. மதியக் கப் அம்மா கைக்குப் போனது. மூட்டைக்குப் பூட்டும் வந்தது.

ஆனால் அப்பா கப்பைத் தொடவில்லை. நாயையும் தொடவில்லை. லோரி நொண்டிக்கொண்டே வந்து மடியில் தலை வைத்தால், தலையை மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். பத்து மணித் தேத்தண்ணியும் நின்றுபோனது.

நான்? நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் போகிறேன்... லோரிக்குக் கொஞ்சம் குணமாகட்டும்... புரட்டாசி முடியட்டும்... புரட்டாசியும் முடிந்தது. சாக்குத் தேடுவதற்குக்கூடப் படிப்பு உதவுகிறது. படிக்காதவன் தப்பு செய்தால் வெறுமனே செய்கிறான். படித்தவன் ஆதாரத்தோடு செய்கிறான்.

மூன்றாவது வாரம். வேலை விட்டு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். வேலியோரம் அப்பா சேவியர் அங்கிளிடம் பேசுவது கேட்டது.

"முப்பது வருசம் ஓட்டினேன் சேவியரு. ஒரு கோழி மேலகூட ஏத்தினது இல்ல. வீட்ல உக்காந்துக்கிட்டு இந்தப் பிள்ளையோட கால ஒடிச்சிட்டேன்."

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நேராக உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் பேசியதையும் சேர்த்து.

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன கரண்டி போடச் சொல்லி எழுதியிருக்கான்?"

"ஒண்ணு."

"நீ எத்தன போட்ட?"

"...ரெண்டு."

"வாசிச்சுட்டுமா?"

"வாசிச்சுட்டுத்தான்பா."

அப்பா டப்பாவைக் கீழே வைத்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஹெல்மெட் இருந்தது, பரவாயில்லை. அப்பா மெதுவாகக் குனிந்து, காலடியில் கிடந்த லோரியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் அவன் காதைத் தடவினார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"சேவியரு! இந்தப் பட்டதாரி பண்ணின வேலையக் கேளேன்!"

ஒரு மணி நேரத்தில் எங்கள் வரிசையில் இருக்கும் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கால் நேராகி வந்திருந்தது. சரியான நேரத்தில் நிறுத்தியதால் தப்பித்தது என்றார் டாக்டர். பதினெட்டு மாதம் தாண்டும் வரை குட்டித் தீனிதான் போட்டோம். பிறகு ஒரு வாரம் கலந்து கலந்து பெரிய நாய்த் தீனிக்கு மாற்றினோம். இப்போது இரண்டு வேளை. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ஓட்டம் கிடையாது. இந்த உடம்புக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கப் அப்பாவின் கையில்தான் இருக்கிறது. தலைதட்டித்தான் அளக்கிறார். என்னைவிடக் கறார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் கால்சியக் கதையை அவர்தான் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னபோது ஆறு. நான் திருத்தவில்லை. இரண்டு கரண்டி நான் போட்டது; மீதி நாலும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு.